பாட்டி ஏன் உறங்கவில்லை?

"வயதானால் உறக்கம் தானே குறைந்துவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டு மருத்துவம் தொடங்கிய முதல் இரண்டு மாதங்கள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியையாகிய எனக்கு அது தவறு என்று உணர்த்தியது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் எழுதி வைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று.

அன்பு மாணவிகளே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். பல வீடுகளில் பாட்டியின் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள் நீங்கள்தாம். நடு இரவில் அவர்கள் புரண்டு படுப்பதும், எழுந்து உட்கார்வதும், தண்ணீர்ச் செம்பைத் தேடுவதும் பெரியவர்களாகிய எங்களுக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடுகின்றன.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டிய பழைய வீடு. ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டுகொண்டே போய்க் கொல்லையில் முடியும். என் மாமியாருக்கு வயது 71. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்திற்கு ஒரு முறை காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். கீமோ என்று இப்போது எல்லாருமே சொல்லும் மருத்துவம்தான். வாந்தியையும் முடி உதிர்வதையும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இரவைத்தான் பொறுக்க முடியவில்லை. "இந்த ஊர்ப் பெருமாள் எந்நேரமும் பள்ளிகொண்டே இருக்கிறார். அதில் ஒரு ஜாமம் எனக்குக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நாங்களும் சிரித்தோம். அது முறையீடு என்பது எங்களுக்குப் புரியவில்லை.

புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை உறக்கமின்மையால் துன்புறுகின்றனர் என்று ஆய்வுகள் பலவும் கூறுகின்றன. ஆயினும் அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்பவர்கள் மிகச் சிலரே. காய்ச்சலைச் சொல்வோம், வாந்தி எத்தனை முறை என்று கணக்குச் சொல்வோம், இரவு முழுவதும் விழித்திருந்ததை மட்டும், நோயென்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவோம். உறக்கம் கெட்டால் வலி மிகுதியாகத் தெரியும், சோர்வு கூடும், மனம் தளரும். "இனி எனக்கு மருத்துவமே வேண்டாம்" என்ற பேச்சு பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் காலையில்தான் எழும்.

உறக்கம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். அதை நடத்துபவை இரண்டு. ஒன்று, நாம் விழித்திருக்கும்போது மூளையில் சிறுகச் சிறுகச் சேரும் அடினோசின் என்ற பொருள். காலையில் குறைவாக இருக்கும் இது மாலைக்குள் கூடிக் கண்ணை அழுத்துகிறது, உறங்கும்போது குறைகிறது. மற்றொன்று உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைக் கணிக்கிறது. இருட்டியதும் பினியல் சுரப்பியை மெலடோனின் சுரக்கச் செய்கிறது. விடியற்காலையில் அட்ரீனல் சுரப்பியைக் கார்டிசோல் சுரக்கச் செய்து நம்மை எழுப்புகிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

முதுமையில் இந்தக் கடிகாரம் சற்று முந்தி ஓடுகிறது. ஆகவேதான் தாத்தாவும் பாட்டியும் எட்டு மணிக்கே கொட்டாவி விட்டு, நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. இடையில் விழிப்பதும் கூடுகிறது. ஆனால் உறக்கத்தின் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. 65 வயதைக் கடந்தவருக்கும் 7 மணி நேரம் வேண்டும். ஆகவே இரவில் இரண்டு மணி நேரமே உறங்கும் ஒரு மூதாட்டியைப் பார்த்து "வயசாச்சு" என்று சொல்வது, ஒரு நோய்க்குறியை வழக்கம் என்று தள்ளிவிடுவதாகும்.

இனி நோட்டுக்கு வருகிறேன். என் மகள் முதலில் அதை எனக்காக எழுதவில்லை. பள்ளிச் செயல்திட்டம் ஒன்றிற்காகப் பாட்டி எத்தனை முறை விழிக்கிறார் என்று குறித்துவைத்தாள். பக்கத்திற்கு ஒரு நாள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. படுத்தது எப்போது, கண் அயர்ந்தது எப்போது. விழித்தது எப்போது, எதற்காக. பகலில் எவ்வளவு நேரம் உறக்கம். அவ்வளவுதான். ஐந்து வாரம் கழித்து அதைப் புரட்டியபோது, மாதம் முழுவதும் ஒரே மாதிரி என்று நாங்கள் நினைத்திருந்த இரவுகள் ஒரே மாதிரி இல்லை என்பது தெரிந்தது. மருந்து ஏற்றிய அன்றும் அதற்கடுத்த மூன்று நாட்களும் விடியற்காலை இரண்டு மணி வரை ஒரு கணமும் கண் மூடவில்லை. பிறகு சில நாட்கள் ஓரளவு உறக்கம். எல்லா இரவுகளிலும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் "சிறுநீர்" என்று எழுதியிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவு, ஒரு காரணமும் எழுதாமல், "விழித்தே இருந்தார்" என்று மட்டும் இருந்தது.

அந்த நோட்டை மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் மாத்திரை வரிசையைத்தான் முதலில் பார்த்தார், பிறகு, "இந்த மாத்திரையை இரவு எட்டு மணிக்கா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அது டெக்ஸாமெத்தசோன். கீமோ மருந்தினால் வரும் வாந்தியைத் தடுக்கவும், சில மருந்துகளால் ஒவ்வாமை வராமல் காக்கவும் தரப்படும் ஸ்டீராய்டு. சிறிய மாத்திரை; அதனால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. "இரு வேளை" என்று சீட்டில் இருந்ததை, நம் வழக்கப்படி காலை இரவு என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். விடியற்காலையில் உடல் சுரக்கும் கார்டிசோலைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? டெக்ஸாமெத்தசோன் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. வலிமையில் அதைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. இரவு எட்டு மணிக்கு அதைக் கொடுப்பது, உடலிடம் "பொழுது விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்வதைப் போன்றது. அது போதாதென்று இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். சர்க்கரை ஏறினால் சிறுநீர் மிகும். ஒரே மாத்திரை இரண்டு வழியில் உறக்கத்தைக் கெடுத்திருந்தது!

இரண்டாவது மாத்திரையைப் பகல் உணவோடு, இரண்டு மணிக்குள் கொடுத்துவிடச் சொன்னார் மருத்துவர். சர்க்கரைக்கான மருந்தின் அளவையும் அந்த நாட்களுக்கு மட்டும் மாற்றினார். அடுத்த முறை என் மாமியார் பதினொன்றரை மணிக்கு உறங்கினார்கள். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். இந்த மருந்தின் வேலை ஒன்றரை நாளுக்கு மேலும் நீடிக்கும்; காலையில் கொடுத்தாலும் கொஞ்சம் விழிப்பு இருக்கத்தான் செய்யும். ஆயினும் இரண்டு மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் உள்ள வேறுபாடு, விழித்துக் கிடப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்டீராய்டு மாத்திரையை நாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நேரத்தை மாற்றுவதையும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டே செய்ய வேண்டும்.

உறக்கத்தைக் கெடுக்கும் மருந்து இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கால் வீக்கத்திற்கும் இரத்த அழுத்தத்திற்கும் தரும் நீர் மாத்திரையை மாலையில் சாப்பிட்டால் இரவெல்லாம் நடைதான். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பை உண்டாக்கும். கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஹார்மோன் மாத்திரைகளால் இரவில் உடல் கொதித்து வியர்க்கும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், பார்த்தவுடனே மருத்துவர் பாதியைச் சரிசெய்துவிடுவார்.

சிறுநீர் விஷயம் சின்னது போலத் தோன்றும். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய விஷயமாயிற்று. கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கூடத்திலிருந்து இரண்டு நிலைப்படிகளைத் தாண்டி, முற்றத்தின் ஓரமாக இருட்டில் போக வேண்டும். பிறரை எழுப்பக் கூடாது என்று என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வந்திருக்கிறார்கள். பிறகு அதற்கும் அஞ்சி, மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்! இதை எங்களிடம் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துப் பேத்தி கேட்டபோதுதான் சொன்னார்கள். கீமோ மருந்து உடலிலிருந்து வெளியேற நீர் மிகவும் தேவை. நீர் குறைந்ததால் மலச்சிக்கல் வந்தது. அதனால் வயிறு உப்பி உறக்கம் மேலும் கெட்டது. இப்போது விடிந்ததிலிருந்து பகல் மூன்று மணிக்குள் பெரும்பகுதித் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள்; பிறகு தாகத்திற்கு மட்டும். கட்டிலுக்கு அருகில் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். இரவு முழுவதும் எரிய சிறு மஞ்சள் விளக்கு. நடைபாதையில் சாக்கும் வாளியும் இல்லை. தலைமாட்டில் பூஜை மணி. மணியை அடிக்க அவர்கள் கூச்சப்பட்டது ஒரு வாரம்தான்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் நாலு பேர் பேச்சில் மறந்திருக்கும் வலி, வீடு அடங்கியதும் தலை தூக்கும். என் மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை செய்த பக்கத்துக் கை கனத்துக் கடுத்தது. கையின் கீழ் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தலையணை வைத்ததும் குறைந்தது. ஆனால் உறையூரில் இருந்த என் தாய்மாமாவுக்கு வாயில் புற்றுநோய். வலி வந்த பிறகு மாத்திரை கொடுத்து, அது வேலை செய்யக் காத்திருந்து, பொழுது விடிந்துவிடும். வலி வரும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து உரிய நேரத்தில் மருந்து தர வேண்டும் என்பது 1986 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழி. கடும் வலிக்கு மார்ஃபின் தேவைப்படலாம். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நம் நாட்டில் நோயாளிகளுக்கு அது கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதாயிற்று. மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் சொன்ன அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துத் தந்தால், என் மாமாவைப் போன்றவர்கள் இரவில் உறங்குகிறார்கள். விழித்ததும் பேசுகிறார்கள், செய்தித்தாள் படிக்கிறார்கள்.

கீமோ முடிந்து கதிர்வீச்சு தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள். போய் வந்ததும் அசதி. பிற்பகல் முழுவதும் உறக்கம். இரவில் கொட்டக் கொட்ட விழிப்பு. பகலில் உறங்கினால் அடினோசின் குறைந்துவிடுகிறது. பிறகு இரவுக்கு என்ன மிஞ்சும்? ஆனால் நோயுற்றவரைப் படுக்கவே கூடாது என்று சொல்லவும் முடியாது. மூன்று மணிக்குள், அரை மணி நேரம் படுத்து எழட்டும். பேரப்பிள்ளை ஒருத்தி அன்போடு எழுப்பிவிடட்டும். மாலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்வதைத்தான் தடுக்க வேண்டும்.

காலை வெளிச்சம் இலவச மருந்து. ஏழு மணிக்கு என் மாமியாரைச் சித்திரை வீதியில் கால் மணி நேரம் நடக்க வைத்தோம். முடியாத நாட்களில் திண்ணையில் உட்கார வைத்தோம். கண்ணில் படும் அந்த வெளிச்சம் உடற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கிறது. மெதுவான நடை, புற்றுநோயாளியின் அசதியைக் கூட்டுவதற்குப் பதில் குறைக்கிறது என்பது இப்போது நன்கு உறுதிப்பட்ட செய்தி. இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு கீமோ சரியாக மார்கழியில் வந்தது. பகல் பத்து, இராப் பத்து என்று ஊரே திரண்டிருந்தது. "வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் தாண்டினால் நோய் பறந்துவிடும், ஒரு பத்து நிமிஷம்தானே" என்று உறவினர் ஒருவர் மாமியாரை அழைத்துச் செல்லவே வந்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது என் மகள்.

வந்த உறவினர்கள் இன்னொரு வகையிலும் உறக்கத்தைக் கெடுத்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து, இதே நோயில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று விவரித்துவிட்டுப் போவார்கள். அன்பினால்தான். ஆறு மணிக்கு மேல் யாரும் வர வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்தத் துணிவோடு தொலைக்காட்சியையும் கூடத்திலிருந்து மாற்றினோம். அவர்கள் படுத்திருக்கும் இடத்தில் பத்தரை மணி வரை தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

காப்பியை மாற்றுவது இவற்றைவிடக் கடினமாக இருந்தது. காஃபீனின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். நாலரை மணிக் காப்பியின் பாதி, ஒன்பதரை மணிக்கும் உள்ளே இருக்கிறது. இதை நான் கரும்பலகையில் எழுதுவது போல விளக்கிச் சொன்னேன். "ஐம்பது வருஷமாகக் குடிக்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கடைசியில் மதியம் ஒரு மணிக்கு நல்ல டிகாஷனில் ஒன்று, மாலையில் டம்ளருக்கு அடியில் நிறம் மாறும் அளவு டிகாஷன் விட்ட பால் ஒன்று என்று உடன்பாடு ஏற்பட்டது.

படுத்துக் கால் மணி, இருபது நிமிடத்திற்குள் உறக்கம் வராவிட்டால், படுக்கையிலேயே போராடாமல் எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். படுக்கை என்றால் விழிப்பு என்று மனம் பழகிவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972 இல் வகுத்த முறை இது. நடக்க முடியாதவர்கள் தலையணையில் சாய்ந்து உட்காரலாம். விளக்கைப் பெரிதாக்காமல், ஜெபமாலையோ நாமஜபமோ, அவரவர் வழக்கப்படி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம், மூச்சு நிதானப்படும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டியின் பிறந்த ஊரில் எந்தெந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்பாள். நான்காவது வீட்டைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் பதில் நின்றுவிடும்.

தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மருத்துவரே சில நாட்களுக்குத் தருவது உண்டு, அது வேறு. பக்கத்து வீட்டு மாமாவின் பெட்டியிலிருந்து அல்ப்ரஸோலம் கடன் வாங்குவதுதான் தவறு. முதியவர்களுக்கு அது மறுநாள் வரை தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். இரவில் எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. மார்ஃபின் சாப்பிடுபவருக்கு மூச்சையே தளர்த்திவிடும். சளி மருந்தையும் அரிப்பு மாத்திரையையும் தூக்கத்திற்காகக் கொடுப்பதும் நல்லதல்ல, சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் சொல்லும் அமுக்கராப் பொடி இயற்கையானதுதான். ஆனால் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, கீமோவும் கல்லீரலைத்தான் சோதிக்கிறது. ஜாதிக்காயும் சிட்டிகைக்கு மேல் போனால் நஞ்சு. இவற்றைக் கொடுக்க விரும்பினால் முதலில் மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஒளித்துக் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான பாலினால் தீங்கில்லை. சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் வேண்டாம்.

உறக்கமின்மை என்று நினைத்து விடியும்வரை காத்திருக்கக் கூடாத இரவுகளும் உண்டு. கீமோவுக்குப் பின், முக்கியமாக 7 முதல் 14 நாட்களுக்குள், உடல் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் கண்டாலோ, மணி எத்தனையானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேராகப் படுத்தால் மூச்சுத் திணறுவதும், பகல் இரவு தெரியாமல் பேசுவதும், இல்லாத ஆளைக் காண்பதும் அப்படியே. இரவு நேரத்தில் 108 ஐ அழைக்கத் தயங்காதீர்கள். அவசரமில்லாத ஐயங்களுக்கு அரசின் 104 எண் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து வலி தணிப்புக் கவனிப்புத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் நோட்டில் ஒரு வகை இரவு மிஞ்சியது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரவு. மாத்திரை இல்லை, வலி இல்லை, சிறுநீரும் இல்லை.

நாங்கள் அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. "கட்டி, எடுத்தாயிற்று, திரும்பி வராமல் இருக்க மருந்து" என்று சொல்லியிருந்தோம். என் கணவரும் நாத்தனாரும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அவர்கள் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். பேத்தியையும் வாயைத் திறக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தோம். ஒரு முந்தின இரவில் இரண்டு மணிக்கு அவர்கள் பேத்தியிடம், "எனக்கு இருப்பது கான்சர்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண் என்ன சொல்வாள்? "அம்மாவை எழுப்புகிறேன் பாட்டி" என்று சொல்லி என்னை எழுப்பினாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று சொன்னேன். "ஆஸ்பத்திரி வாசலில் இத்தனை பெரிதாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா? நீங்கள் இவ்வளவு மறைத்ததால், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார்கள். மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: ஆரம்ப நிலை, முடிந்த மட்டும் குணமாக்கவே இந்த மருத்துவம் என்று. அன்று யாரும் உறங்கவில்லை. அடுத்த முறை முந்தின இரவு, நோட்டின்படி, ஐந்து மணி நேரம் உறங்கினார்கள்.

இந்த நோயின் பெயருக்கே அஞ்சும் வழக்கம் பழையது. நம் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரே 1954 இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாயிற்று. அங்கே தம் வாழ்நாளைக் கழித்து 2021 இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா, நோயைவிட அதைப் பற்றிய அச்சத்தைத்தான் பலமுறை பேசினார். எல்லா நோயாளிகளும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை என்பதும் உண்மை. என் தாய்மாமா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பவருக்குப் பொய் சொல்லக் கூடாது, கேட்காதவர் மேல் திணிக்கக் கூடாது என்பது வரைதான் எனக்குத் தெரிகிறது. அந்தக் கேள்வி உங்களிடம் வந்தால், மாணவிகளே, நீங்களாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டாம். என் மகள் செய்ததைப் போல் பெரியவரை எழுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, பெற்றோர்களுக்கு. நோட்டின் இறுதிப் பக்கங்களில் என் மகளின் கையெழுத்து கோணலாகிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்து, வகுப்பு ஆசிரியையான அருட்சகோதரி அழைத்து விசாரித்த பின்பே விளங்கியது: பாட்டி விழித்த நேரமெல்லாம் அவளும் விழித்திருந்தாள். அதன்பின் முறை வைத்துக்கொண்டோம். திங்கள், செவ்வாய் நான். புதன், வியாழன் என் கணவர். வெள்ளி, சனி நாத்தனார். ஞாயிறு ஓர் இரவு மட்டும் பேத்தி. அதையும் விட்டுவிடச் சொன்னோம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள்.